அதிர்வில் தெரியும் தண்டவாளக் கோளாறு

கேள்வி: ஓடும் ரயிலில் செல்போனை வைத்தே தண்டவாளக் கோளாறைக் கண்டுபிடிக்கலாம் என்கிறார்களே, முடியுமா?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: பாதிதான் முடியும். பெட்டிக்கு அடியிலுள்ள ஸ்பிரிங்குகள் வேகமான அதிர்வை விழுங்கிவிடும். இருக்கையில் வைத்த போனுக்கு, ஜல்லி இறங்கிய பள்ளம் போன்ற நீளமான குறைகளே எட்டும். அடிவாங்கிய இணைப்பும் மேற்பரப்பு அலை அலையாகத் தேயும் அலைத்தேய்மானமும் தெரிய வேண்டுமானால், அதிர்வு உணரியைச் சக்கர அச்சின் முனையிலுள்ள பேரிங் பெட்டியில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். காந்தத்தில் ஒட்டினால் உணரியே ஆடி அளவைக் கெடுக்கும்.

மணிக்கு 90 கி.மீ. என்றால் விநாடிக்கு 25 மீட்டர். அலைக்கு அலை 5 செ.மீ. இடைவெளியுள்ள தேய்மானம் 500 ஹெர்ட்ஸ் அதிர்வை, அதாவது விநாடிக்கு 500 அதிர்வுகளைத் தரும். அதைப் பிடிக்க விநாடிக்கு 1000-க்கும் அதிகமான அளவீடுகள் கட்டாயம், 2500 இருந்தால் நிம்மதி. வேகத்தையும் கூடவே பதியாவிட்டால் இந்தக் கணக்கே நிற்காது.

பலர் ஏமாறுவது சக்கரத்திடம். 915 மி.மீ. சக்கரத்தில் ஓரிடம் தட்டையாகியிருந்தால் சுமார் 2.87 மீட்டருக்கு ஓர் அடி விழும். ரயில் மாறியும் அதே கிலோமீட்டர் கல்லருகே அடி விழுந்தால்தான் குறை தண்டவாளத்தில்.

கடலூரின் உப்புக்காற்றில் தண்டவாளத்தின் அடிப்பாகம் துருப்பிடிக்கும். அதுவும் உள்விரிசலும் அதிர்வில் பெரும்பாலும் தெரியாது. விரிசலுக்கு அல்ட்ராசோனிக் சோதனை வேண்டும். துருவை, தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் கிளிப்பை ஊழியர்கள் கழற்றிச் சுரண்டிப் பார்த்தே ஆக வேண்டும்.