காணியை ஈடு வைக்கும் முன்

கேள்வி: என் மகள் உயர்தரப் பரீட்சையில் வர்த்தகப் பிரிவில் மூன்று பாடங்களிலும் சித்தியடைந்தும், வெட்டுப்புள்ளி போதாததால் பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. வவுனியா நகரில் உள்ள ஒரு தனியார் கல்லூரி மூன்று ஆண்டுகளில் வெளிநாட்டுப் பட்டம் தருவதாகச் சொல்கிறது. அரச நிறுவனங்களில் படிப்புச் சரியில்லை என்கிறார்கள். வயற்காணியை ஈடு வைத்துச் சேர்க்க நினைக்கிறேன். வன்னியில் எது தரமானது, அரச கல்லூரியா, தனியார் கல்லூரியா?
– ஒரு தந்தை, ஒட்டுசுட்டான்

பதில்: இப்போதைக்குக் காணியை ஈடு வைக்க வேண்டாம். கடிதத்தில் எத்தனை ஆண்டுப் படிப்பு என்பதையும் பணத்தை எங்கிருந்து திரட்டுவது என்பதையும் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பட்டத்தை வழங்கும் பல்கலைக்கழகம் எது, பரீட்சையை நடத்துபவர் யார், அந்தப் பட்டத்தை இந்த நாட்டில் எவர் ஏற்றுக்கொள்வார் என்பவற்றில் ஒன்றைக்கூட எழுதவில்லை. விதைநெல் வாங்கும்போது முளைதிறனைக் கேட்காமல் நீங்கள் வாங்குவதில்லை. மகளின் மூன்று ஆண்டுகளுக்கும் அதே விசாரிப்பு வேண்டும்.

தனியார் நிறுவனம் என்பதாலேயே ஒன்று போலியாகிவிடாது. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் 25அ பிரிவின் கீழ், அரசு சாராத நிறுவனங்களும் அமைச்சரின் கட்டளை மூலம் பட்டம் வழங்கும் அதிகாரத்தைப் பெறலாம்; அவ்வாறு பெற்றவை நாட்டில் பல உள்ளன. உங்களிடம் சொல்லப்பட்டிருப்பதோ வெளிநாட்டுப் பட்டம். அதை வழங்கும் பல்கலைக்கழகம் பொதுநலவாயப் பல்கலைக்கழகங்களின் பட்டியலிலோ, சர்வதேசப் பல்கலைக்கழகங்கள் சங்கத்தின் பட்டியலிலோ இருக்கிறதா என்பதைத்தான் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு பார்க்கும். டிப்ளோமா, சான்றிதழ் வகுப்புகளுக்கு வேறு வழி: 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் நிறுவனம் பதிவாகியிருக்க வேண்டும். பல பெற்றோர் ஏமாறும் இடமும் இதுதான். நிறுவனம் பதிவு செய்யப்பட்டிருப்பது வேறு, குறிப்பிட்ட பாடநெறி தரச்சான்று பெற்றிருப்பது வேறு. வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டிவைத்து 'அரச பதிவு பெற்றது' என்று சொல்லும்போது, அது கல்விக்கான அங்கீகாரமே அல்ல என்பதை முல்லைத்தீவிலிருந்து பஸ் ஏறி வரும் ஒரு தாய் எப்படி அறிவார்? தாதியர் பயிற்சி என்று விளம்பரம் செய்யும் இடங்களில், படித்து முடித்தவர் இலங்கைத் தாதியர் சபையில் பதிவு பெற முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்; நேரான பதில் கிடைக்காவிட்டால் திரும்பிவிடுங்கள்.

அரச நிறுவனங்களில் படிப்புச் சரியில்லை என்று உங்களிடம் சொன்னவர்கள் அவற்றின் வாசலையாவது மிதித்திருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம். 1991இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமாகி, போர்க்காலம் முழுவதும் தாக்குப்பிடித்து, 2021 ஆகஸ்ட் 1ஆம் திகதி தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்ததுதான் மன்னார் வீதியில் பம்பைமடுவில் இருக்கும் வவுனியாப் பல்கலைக்கழகம். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாயம், பொறியியல், தொழில்நுட்பம் ஆகிய மூன்று பீடங்கள் இயங்குகின்றன. அதே அறிவியல் நகரில், 2016இல் திறக்கப்பட்ட இலங்கை – ஜேர்மன் பயிற்சி நிறுவகம், மோட்டார் வாகனம், கட்டுமானம், உணவுத் தொழில்நுட்பம் போன்ற துறைகளில் தேசிய தொழில் தகைமைப் பயிற்சியை விடுதி வசதியோடு அளிக்கிறது. வவுனியாவில் தொழில்நுட்பக் கல்லூரியும் உயர் தொழில்நுட்பவியல் நிறுவகமும் உண்டு. நாடெங்கும் உள்ள இந்த உயர் தொழில்நுட்பவியல் நிறுவகங்கள் கணக்கியல், ஆங்கிலம், தகவல் தொழில்நுட்பம் போன்ற துறைகளில் உயர் தேசிய டிப்ளோமாப் படிப்பை நடத்துகின்றன. முழுநேர மாணவர்களிடம் படிப்புக் கட்டணம் வாங்குவதில்லை. உங்கள் மகள் வர்த்தகம் படித்தவர் என்பதால் கணக்கியல் டிப்ளோமாவை முதலில் விசாரித்திருக்க வேண்டும். விசாரிக்கவில்லை என்றே தெரிகிறது.

நம் குடும்பங்களின் மனத்தடை ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். 'கம்பஸ்' என்றால் பெருமை, 'டெக்' எனும் தொழில்நுட்பக் கல்லூரி என்றால் பரீட்சையில் விழுந்த பிள்ளை போகும் இடம் என்று நாமே முடிவு கட்டிவைத்திருக்கிறோம். மேலே சொன்ன தேசிய தொழில் தகைமையின் (NVQ) 5ஆம், 6ஆம் மட்டங்களை முடித்த பிள்ளை, 2008ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான தொழில்நுட்பத் தொழிற்கல்விப் பல்கலைக்கழகத்தில் 7ஆம் மட்டமான பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்க முடியும் என்பதை அறிந்த பெற்றோர் மிகச் சிலர். இலவசமாகக் கிடைப்பதை மதிக்காமல், ஈட்டுப் பணத்தில் வாங்குவதை மட்டும் உயர்வாக நினைக்கும் இந்தப் பழக்கம் எனக்கு மிகுந்த வேதனையைத் தருகிறது.

அரச தரப்பின் குறைகளை நான் மறைக்கப் போவதில்லை. 2022ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சை 2023இன் தொடக்கத்திலும், 2023ஆம் ஆண்டுக்குரியது 2024 ஜனவரியிலும்தான் நடந்தன. பெறுபேறும் வெட்டுப்புள்ளியும் வந்து வகுப்புத் தொடங்குவதற்குள் பிள்ளைகளின் வயது கரைந்துவிடுகிறது. 2024 மே மாதம் தொடங்கிய கல்விசாரா ஊழியர்களின் வேலைநிறுத்தம் பல்கலைக்கழகங்களை இரண்டு மாதங்களுக்கு மேல் முடக்கியது. பகிடிவதை இன்னும் ஒழிந்தபாடில்லை. இந்த இடங்களில் நல்ல தனியார் நிறுவனம் முந்திக்கொள்கிறது: குறித்த நாளில் வகுப்பைத் தொடங்கும், வேலை செய்பவருக்கு வார இறுதியில் பாடம் நடத்தும். பகலில் உழைத்தாக வேண்டிய பிள்ளைக்கு அது மெய்யான உதவி.

ஆனால் கட்டணத்தோடு செலவு முடிந்துவிடாது. ஒட்டுசுட்டானிலிருந்து வவுனியாவுக்கு நாள்தோறும் போய்வந்து படிப்பது கடினம். தங்குமிடம், சாப்பாடு, பரீட்சைக் கட்டணம், வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பதிவுக் கட்டணம் என்று அடுத்தடுத்து வரும். பல இடங்களில் விளம்பரத்தில் இருப்பது முதல் தவணைத் தொகை மட்டுமே. உங்கள் வயல் முத்தையன்கட்டுப் போன்ற குடியேற்றத் திட்டத்தில் அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணியாக இருந்தால், அதைத் தனியாருக்கு ஈடு வைக்கச் சட்டம் இடந்தராது. பத்திரம் எழுதாத ஈட்டுக்குக் கடன் கொடுப்பவர் கேட்பது கடும் வட்டியாகவே இருக்கும். தனியார் படிப்புத்தான் என்று முடிவானால், அங்கீகாரம் பெற்ற தெரிவுசெய்யப்பட்ட அரசு சாரா நிறுவனங்களில் பட்டம் படிப்போருக்கு 2017 முதல் வழங்கப்படும் வட்டியில்லாக் கல்விக் கடனுக்கு மகள் தகுதி பெறுவாரா என்று பாருங்கள். அந்தத் திட்டத்தில் நீங்கள் சொல்லும் கல்லூரி இல்லையென்றால், ஏன் இல்லை என்று கல்லூரி நிர்வாகத்திடமே கேளுங்கள்.

பல்கலைக்கழக வாசல் உங்கள் மகளுக்கு முற்றாக மூடிவிடவும் இல்லை. பல்கலைக்கழக அனுமதிக்காக உயர்தரப் பரீட்சைக்கு மூன்று தடவை தோற்றலாம். பெரும்பாலான துறைகளில் இடங்களின் 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கென்றும் பகிரப்படுகின்றன. முல்லைத்தீவு அந்தப் பதினாறில் ஒன்று. சிறு வித்தியாசத்தில் வெட்டுப்புள்ளியைத் தவறவிட்டிருந்தால், வவுனியாவின் வியாபாரக் கற்கைகள் பீடத்தை மனத்தில் வைத்து இன்னொரு முறை எழுதுவது என் பார்வையில் முதல் வழி. அவர் விரும்பாவிட்டால் உயர் தேசிய டிப்ளோமா இரண்டாவது. தனியார் கல்லூரிக்குப் போவதானால், பட்டம் வழங்கும் பல்கலைக்கழகத்தின் பெயர், மொத்தக் கட்டணம், இடைநிறுத்தினால் திருப்பித் தரும் தொகை ஆகிய மூன்றையும் கல்லூரியின் கடிதத்தாளில் கையொப்பத்துடன் வாங்குங்கள். அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரைக் குறிப்பிட்டு மானியங்கள் ஆணைக்குழுவுக்கு நீங்களே ஒரு பதிவுத் தபால் அனுப்புங்கள். அதற்குப் பதில் வரும்வரை கல்லூரிக்கு முற்பணமும் கட்ட வேண்டாம்.