தகப்பன் பெயர், திரும்பிய கால், கொஞ்சம் தவிடு

கேள்வி: மாடு வளர்த்து வரும் எனக்கு மேய்ச்சல் நிலம் உண்டு. பெயர்பெற்ற பொலிக்குதிரைக்குப் பிறந்த ஓராண்டுப் பந்தயக் குதிரைக் குட்டி ஒன்று வரும் ஏலத்தில் மலிவாகக் கிடைக்கும் என்று தரகர் சொல்கிறார். அதன் வலது முன்னங்கால் வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறது. குளம்பைச் சீவி நேராக்கிவிடலாம் என்கிறார். வாங்கலாமா? தவிடும் தானியமும் தாராளமாக வைத்தால் இரண்டு வயதில் ஓடுமா?

பதில்: கால் எந்த இடத்திலிருந்து திரும்புகிறது என்பதை நீங்கள் எழுதவில்லை. தோளிலிருந்தே கால் முழுவதும் திரும்பியிருந்தால், நெஞ்சு ஒடுங்கிய இளங்குட்டியிடம் அது காணக்கூடியதே. நெஞ்சு அகல அகலப் பெரும்பாலும் நேராகிவிடும். குளம்புக்கு மேலுள்ள கணு மூட்டிலிருந்து மட்டும் திரும்பியிருந்தால் நேராகாது. அந்த மூட்டருகே எலும்பின் வளர்ச்சி பிறந்த சில மாதங்களிலேயே ஏறக்குறைய முடிந்துவிடுவதால், இப்போது குளம்பைச் சீவி நிமிர்த்தப் பார்ப்பது மூட்டை நோகடிக்கும் வேலை. 1975இல் 17,500 டாலருக்கு ஏலம் போய், 1977இல் அமெரிக்காவின் மும்முடிப் பந்தயங்கள் (டிரிபிள் கிரவுன்) மூன்றையும் வென்ற சியாட்டில் ஸ்லூ என்ற குதிரைக்கும் வலது முன்னங்கால் இப்படித்தான் இருந்தது என்று தரகர் அடுத்ததாகச் சொல்வார். அது உண்மைதான், ஆனால் அதே காலோடு விலைபோய் ஒரு பந்தயமும் ஓடாத குட்டிகளின் பெயர் அவர் வாயில் வராது. குட்டியை நடக்கவிட்டு, ஒரு கால் மற்றதில் உரசுகிறதா என்று நேர் எதிரே நின்று பாருங்கள். பக்கவாட்டிலிருந்து பார்க்கையில் முட்டி பின்னோக்கி வளைந்திருந்தால், திரும்பிய காலைவிட அதற்குத்தான் அதிகம் அஞ்ச வேண்டும்.

தாயைப் பற்றி ஒரு சொல்லும் நீங்கள் கேட்கவில்லை. பெயர்பெற்ற பொலிக்குதிரைக்கு ஒரே ஆண்டில் நூற்றுக்கும் மேற்பட்ட குட்டிகள் பிறக்கலாம், தாய்க்கு ஒன்றுதான். ஏலப் பட்டியலில் பெரிய பந்தயங்களில் வென்ற அல்லது முன்வரிசையில் வந்த குதிரைகளின் பெயர்களைத் தடித்த எழுத்தில் போடுவார்கள்; அந்தப் பெயர்கள் எல்லாம் பூட்டியின் வரிசையில் மட்டும் நிறைந்திருந்து, தாயின் முந்தைய குட்டிகள் ஒன்றும் ஓடியிருக்காவிட்டால், மலிவுக்குக் காரணம் காலன்று. விற்பவரிடமும் தரகு வாங்குகிறாரா என்று தரகரிடம் எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள்.

இனி, நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்ட தவிடு. கோதுமைத் தவிட்டில் கால்சியத்தைப் போலப் பத்து மடங்கு அளவுக்குப் பாஸ்பரஸ் இருக்கிறது. தானியங்களிலும் கால்சியம் குறைவே. அந்தப் பாஸ்பரஸ் குடலில் கால்சியத்தை ஏறவிடாமல் தடுப்பதால், வளரும் குட்டியின் உடல் தன் எலும்பிலிருந்தே அதை உருவிக்கொள்ளும். முற்றினால் முக எலும்பு இருபுறமும் வீங்கும். மாவு ஆலைக்காரர்கள் தங்கள் குதிரைகளுக்குத் தவிட்டையே கொட்டி வளர்த்த காலத்தில், ஆலைக்காரர் நோய் என்றே இதற்குப் பெயர் இருந்தது. மாடு இதை ஓரளவு தாங்கும் என்பதால்தான் உங்கள் கை தவிட்டு மூட்டைக்குப் போகிறது. எலும்புக்கு என்று சொல்லித் தீவனக் கடைக்காரர் நீட்டும் பொடி டப்பாவையும் வாங்காதீர்கள்; பளபளப்பான டப்பாவுக்குத்தான் அந்தக் காசு. நல்ல புல்லும், கால்சியம் மிகுந்த குதிரைமசாலும் போதும். பெயரிலேயே குதிரை இருந்தும் பலர் அதை மாட்டுக்கு மட்டும் போடுவது எனக்கு இன்றும் புரியாத ஒன்று. கால்சியம் பாஸ்பரஸைவிட ஒன்றரை மடங்காவது இருக்கும்படி தீவனத்தை அமைக்க வேண்டும்.

ஏலத்துக்கு வரும் குட்டி பெரும்பாலும் லாயத்தில் அடைத்து, தானியத்தால் மினுமினுக்க வைக்கப்பட்டதாக இருக்கும். வந்ததும் தானியத்தைப் பத்துப் பதினைந்து நாள்களில் படிப்படியாகக் குறைத்து, முதலில் சிறிய அடைப்பிலும் பிறகு மேய்ச்சலிலும் ஒரு துணைக் குதிரையோடு இரண்டு மாதம் விடுங்கள். திடீரென மாற்றினால் வயிற்றுவலியும் குளம்பு அழற்சியும் வரக்கூடும்.

இரண்டு வயதில் ஓடுவதைப் பற்றி: பிறந்த தேதியைக் கேளுங்கள். பூமியின் வடபாதியில் எல்லாப் பந்தயக் குதிரைகளுக்கும் ஜனவரி 1 அன்றுதான் வயது கூடும் என்பதால், மே மாதக் குட்டியின் இரண்டு வயது காகிதத்தில் மட்டுமே இருக்கும். வேக ஓட்டம் தொடங்குமுன் முட்டிக்கு மேல் எலும்பு நீளும் இடமான வளர்ச்சித் தட்டு மூடிவிட்டதா என்று எக்ஸ்ரே எடுத்துக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.