ரீச்சரிடம் கேளுங்கள்: தனியே ஏறும் மேடை

கேள்வி: ரீச்சர், என் அண்ணன் நாலு பேர் சேர்ந்த பாட்டுக் குழுவில் ஆறு வருடமாகப் பாடியவன். திருவிழா, கலியாண வீடு என்று கிளிநொச்சி வரைக்கும் போய் வந்திருக்கிறான். இப்போது குழு கலைந்துவிட்டது, இரண்டு பேர் வெளிநாடு போய்விட்டார்கள். தனியாகப் பாடக் கூப்பிட்டால் காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துவிடுகிறான். வன் டைரக்‌ஷன் குழுவில் இருந்த ஸெய்ன் மாலிக்கும் தனிக் கச்சேரிக்கு இப்படிப் பயந்தவர்தானாம். ஒரு மைதானம் நிறைந்த சனத்துக்கு முன்னால் பாடியவருக்கு அப்புறம் என்ன பயம்?
- வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: பிள்ளை, அந்தக் காய்ச்சலைப் பொய் என்று நினைத்துவிடாதே. எனக்கும் அது வந்திருக்கிறது.

முதலில் ஸெய்னின் கதை. அவர் இங்கிலாந்தின் பிராட்போர்ட் ஊர்ப் பையன். 2010இல் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிக்குத் தனித்தனியாக வந்த ஐந்து பேரை நடுவர்கள் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். அப்போது ஸெய்னுக்கு 17 வயது. 2014 ஜூனில் லண்டன் வெம்பிளி மைதானத்தில் ஐவரும் மூன்று இரவு பாடினார்கள். 2015 மார்ச்சில் ஸெய்ன் விலகினார். ஒரு வருடத்தில் வந்த அவருடைய தனி அல்பம் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்தது. அதற்குப் பிறகுதான் நீ கேட்கும் விசயம். 2016 ஜூனில் அதே வெம்பிளியில், பல பாடகர்கள் சேர்ந்த ஒரு நிகழ்ச்சியில் அவர் பாட இருந்தார். மேடையேற முடியவில்லை. பதற்றம்தான் காரணம் என்று இரசிகர்களுக்கு மறைக்காமல் எழுதினார். ஒக்டோபரில் நடக்க இருந்த துபாய் கச்சேரியும் அதே காரணத்தால் நின்றது.

இரண்டு வருடத்துக்கு முன்னர் மூன்று இரவு பாடிய இடம் அது. மைதானம் மாறவில்லை, குரலும் மாறவில்லை. பக்கத்தில் நின்ற நாலு பேர் மட்டும் இல்லை.

குழுவாகப் பாடும்போது ஒருவருக்கு இரண்டு வரி, மூன்று வரிதான் வரும். மற்றவன் பாடும்போது மூச்சு எடுக்கலாம், ஒரு மிடறு தண்ணீர் குடிக்கலாம், அடுத்த வரியை ஞாபகப்படுத்தலாம். ஒருவன் சுருதி விட்டால் இன்னொருவன் பிடித்துக்கொள்வான். சனம் எல்லாரையும் மாறி மாறிப் பார்க்கும். தனியாக நின்றால் இந்த வசதி ஒன்றுமே கிடையாது.

நான் முள்ளியவளையில் நாலு பெண்கள் சேர்ந்த பக்திப் பாட்டுக் குழுவில் பாடியவள். 2009இல் எல்லாம் சிதறியது. செட்டிகுளம் முகாமில் இருந்துவிட்டு ஊர் திரும்பியபோது ஒருத்தி கனடாவில், ஒருத்தி மன்னாரில். மற்றவள் திரும்பவே இல்லை. 2011இல் எங்கள் ஊர் அம்மன் கோவில் திருவிழாவுக்கு என்னைத் தனியாகப் பாடக் கேட்டார்கள். ஜெனரேட்டர் வெளிச்சத்தில் முன்னுக்கு இருந்தவர்கள் எல்லாம் தெரிந்த முகங்கள். பல்லவி பாடினேன், முதல் சரணமும் பாடினேன். இரண்டாம் சரணம் வந்ததும் வாயை மூடிக்கொண்டு இடப் பக்கம் திரும்பினேன். அது அந்தத் திரும்பி வராதவளுடைய சரணம். அவள் எடுப்பாள் என்று நின்றிருக்கிறேன். ஓர்கன் வாசித்த தம்பி ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் அந்த இடத்தை இன்னொரு முறை வாசித்துத் தந்தார். சனத்துக்கு ஒன்றுமே விளங்கவில்லை. நான் அந்தச் சரணத்தை அழாமல் பாடி முடித்தது அந்தத் தம்பியால்தான்.

அதனால் உன் அண்ணனுக்கு முதலில் தேவை நம்பிக்கையான ஒரு வாத்தியக்காரர். ஸெய்னோடு ஒரே குழுவில் இருந்த ஹரி ஸ்டைல்ஸைப் பார். 2017இல் தனியாகப் புறப்பட்டபோது பெரிய மைதானங்களை விட்டுவிட்டுச் சின்ன அரங்குகளில்தான் தொடங்கினார். அப்போது சேர்த்த கிற்றார்காரர் மிட்ச் ரோலண்டும் ட்ரம்ஸ் வாசிக்கும் சாரா ஜோன்ஸும் அடுத்த பெரிய கச்சேரிப் பயணத்திலும் கூடவே இருந்தார்கள். 2022இல் நியூயோர்க்கின் மடிசன் ஸ்குவயர் கார்டனில் அவர் 15 இரவு பாடினார். மேடையில் தனி ஆள் என்று நாங்கள் சொல்கிறோமே தவிர, அவருக்குப் பின்னால் அந்த ஆட்கள் நிற்கிறார்கள்.

ஸெய்னும் கடைசியில் அந்த வழிக்கே வந்தார். 2024 மே மாதம் லண்டனில் ஏறத்தாழ 2,000 பேர் கொள்ளும் ஷெப்பர்ட்ஸ் புஷ் அரங்கில் தனிக் கச்சேரி செய்தார். முதல் தனிப் பயணத்துக்கு நாள் குறித்திருந்த வேளையில், ஒக்டோபர் 16இல், குழுவில் கூட இருந்த லியாம் பெய்ன் இறந்துபோனார். ஸெய்ன் அமெரிக்கக் கச்சேரிகளைத் தள்ளிவைத்தார். பிறகு நவம்பரில் லீட்ஸ் நகரில் பயணத்தைத் தொடங்கினார். குழுவை விட்டு ஒன்பது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டிருந்தது. அத்தனை காலம் காத்திருந்தவரை ஒருவரும் கோழை என்று சொல்ல வேண்டாம்.

அண்ணன் முதலில் வீட்டு முற்றத்தில் பத்துப் பேருக்குப் பாடட்டும். அரை மணித்தியாலம், இருக்காமல், நின்றுகொண்டு. எந்த இடத்தில் மூச்சு எடுப்பது என்று பாட்டுக் கொப்பியில் பென்சிலால் கோடு போடட்டும். மற்றவர்களின் வரிகள் முன்பு கொடுத்த ஓய்வை இப்போது அவனேதான் உண்டாக்க வேண்டும். பாட்டுக்கு நடுவில் ஓர்கனோ தபேலாவோ கொஞ்சம் நீளமாக வாசிக்கட்டும். கஷ்டமான பாட்டை முதலில் எடுக்க வேண்டாம். சரி, அன்றைக்கும் காய்ச்சல் வந்தால்? வரட்டும். இன்னொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். நீ போய்க் கட்டாயப்படுத்தாதே.

கேள்வி: இந்தப் பாடகர்கள் எல்லாரும் காதுக்குள் எதையோ செருகியிருக்கிறார்களே, அது எதற்கு?
- வாசகர், மாங்குளம்

பதில்: தன் குரலைத் தானே கேட்பதற்கு. சத்தம் ஒரு விநாடியில் ஏறத்தாழ 340 மீற்றர்தான் ஓடும். நூறு மீற்றர் தள்ளியிருக்கும் ஸ்பீக்கரில் இருந்து உங்கள் குரல் திரும்பி வர ஏறக்குறைய கால் விநாடிக்கு மேல் ஆகும். அதைக் கேட்டுக்கொண்டு பாடினால் தாளம் பின்னுக்கு இழுபடும். கோவில் வீதியின் கடைசிப் பனையில் கட்டிய ஸ்பீக்கரைக் கேட்டுப் பாடியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். எங்களிடம் காதுக்குள் செருக ஒன்றும் இல்லை, அதனால் ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டு பாடுவோம்.

கேள்வி: தனியாகப் பாடுகிறவர் பழைய குழுப் பாட்டைப் பாடலாமா ரீச்சர்? மற்றவர்களின் உழைப்பு அல்லவா?
- வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: பாட வேண்டும். ஹரி ஸ்டைல்ஸ் தன் முதல் தனிப் பயணத்திலேயே குழுவின் முதல் பாட்டைப் பாடினார். ஸெய்னுக்கு அதற்குப் பத்து வருடம் எடுத்தது. 2025 மார்ச்சில் மெக்சிகோ நகரில்தான் பழைய பாட்டு ஒன்றைப் பாடினார். ஆளுக்கு ஆள் காலம் வேறு.

குழுப் பாட்டைத் தனியே எடுக்கும்போது சுருதியை மாற்ற வேண்டி வரும், அதை மட்டும் மறக்காதீர்கள். அது பல குரல்களுக்காக அமைத்த பாட்டு. எங்கள் அம்மன் பாட்டில் இரண்டாம் சரணம் கீழே இறங்கும், அவளுடைய குரல் அடியில் அவ்வளவு கனமாக நிற்கும். என் குரல் அங்கே போகாது. ஐந்து கட்டைச் சுருதியில் நாலு பேரும் பாடிய பாட்டை நான் இப்போது ஐந்தரையில் பாடுகிறேன். ஓர்கன் தம்பியிடம் அதைச் சொல்ல வேண்டியதில்லை, அந்தப் பாட்டு என்றால் அவர் ஐந்தரையில்தான் தொடங்குவார்.