இதயத்துக்கே உரிய நரம்புச் செல்களை முதுமையும் இதய நோயும் எவ்வாறு பாதிக்கின்றன?

இதய நோய் என்றதும் இரத்தக்குழாய் அடைப்பையும் தசையின் தளர்ச்சியையுமே பேசுகிறோம். அதே நோயில் இதயத்துக்குள் இருக்கும் நரம்புச் செல்களும் சேதமடைகின்றன என்பதை, உடலியல் கற்பிப்பவன் என்ற முறையில், அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

இந்தச் செல்கள் இதயத்தின் மேற்பரப்பிலுள்ள கொழுப்புத் திட்டுகளுக்குள், பெரும்பாலும் மேலறைகளின் பின்புறத்திலும் நுரையீரல் சிரைகள் வந்து சேரும் இடங்களிலும், சிறு திரள்களாக அமைந்துள்ளன. மூளையிலிருந்து வேகஸ் நரம்பு வழியே வரும் கட்டளையை வாங்கி, அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைச் சுரந்து, துடிப்பைக் கடிவாளம் போல் இழுத்துப் பிடிப்பது இவற்றின் முக்கியப் பணி. மாற்று இதயம் பொருத்தப்பட்டவருக்கு ஓய்விலும் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 90 முதல் 110 வரை இருப்பது, அறுவையில் வேகஸ் தொடர்பு அறுபட்டுவிடுவதால்தான்.

முதுமையைப் பொறுத்தவரை, 2000-இல் வெளியான லித்துவேனிய ஆய்வொன்று பெரியவர்களின் இதயத்தில் சுமார் 43,000 நரம்புச் செல்களும், கருவிலும் குழந்தைப் பருவத்திலும் உள்ள இதயங்களில் சுமார் 94,000 செல்களும் இருப்பதாக மதிப்பிட்டது. ஆனால் இவை வெவ்வேறு மனிதரின் இதயங்கள் என்பதால், வயதாகும்போது பாதிச் செல்கள் இறந்துவிடுகின்றன என்று இதைக் கொண்டு முடிவுகட்டுவது தவறு. இதைவிட எனக்கு உறுதியாகத் தோன்றுவது, ஃபிராங்ஃபர்ட்டில் ஸ்டெஃபனி டிம்மெலர் குழுவினர் எலிகளில் செய்து 2023-இல் வெளியிட்ட ஆய்வு. முதிய எலிகளின் இடது கீழறையில் நரம்பிழைகள் அருகிப்போவதையும், இழைகளை விலக்கும் செமாஃபோரின்-3ஏ என்ற புரதம் அங்கே மிகுவதையும், மூப்படைந்து பிரிவதை நிறுத்திவிட்ட செல்களை மருந்தால் அகற்றியபோது இழைகள் மீண்டும் அடர்த்தி பெற்றதையும் அது காட்டியது. அந்த இழப்பு முற்றிலும் மீளாதது அல்ல என்பது பெரிய செய்தி. மனிதருக்கான சிகிச்சையாக அது இன்னும் ஆகிவிடவில்லை.

நோயின் தாக்கம் வேறு விதமானது. இரத்த ஓட்டம் குன்றிய மனித இதயங்களின் நரம்புச் செல்களை நுண்ணோக்கியில் பார்த்தபோது, அவற்றுக்குள் வெற்றிடக் குமிழிகளும் அசாதாரணப் படிவுகளும் காணப்பட்டன. இதயச் செயலிழப்பு உண்டாக்கப்பட்ட நாய்களிலோ, வேகஸ் கொண்டுவரும் சமிக்ஞை இத்திரள்களைக் கடக்கும்போதே வலுவிழந்தது. அதாவது, கட்டளை வந்தும் துடிப்பு போதிய அளவு தணியவில்லை. துடிப்பை முடுக்கும் பரிவு நரம்புகளின் தூண்டல் அப்போது மேலோங்குவதால், ஆபத்தான சீரற்ற துடிப்புக்கு வாய்ப்புக் கூடுகிறது.

நீண்டகால நீரிழிவு, இதயத்தின் வலியை உணர்த்தும் இழைகளையும் கெடுப்பதால், மாரடைப்பிலும் நெஞ்சுவலி தெரியாமல் போகலாம். ஆகையால் நீரிழிவு உள்ள முதியவருக்குக் காரணமின்றித் திடீரென மூச்சுத்திணறலோ, குளிர்ந்த வியர்வையோ, கடும் சோர்வோ வந்தால், நெஞ்சுவலி இல்லையே என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று ஈசிஜி எடுக்கச் செய்யுங்கள்.