மேல்கழுத்து மூட்டுகளின் தசைநார்களை ஸ்கேனில் மில்லிமீட்டர் கணக்கில் அளப்பதை எந்த அளவுக்கு நம்பலாம்?

வாகன விபத்துக்குப் பிறகு எடுத்த எம்.ஆர்.ஐ. அறிக்கையில் "இடது அலார் தசைநாரில் சிக்னல் கூடுதல், தடிமன் 2.4 மி.மீ." என்று எழுதியிருந்ததாகவும், அதே படங்களைப் பார்த்த இன்னொரு மருத்துவர் எல்லாம் இயல்பாகவே இருப்பதாகச் சொன்னதாகவும், இருவரில் யார் சொல்வதை எடுத்துக்கொள்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். இத்தகைய படங்களைப் பார்த்து அறிக்கை எழுதுவது என் அன்றாட வேலை. இந்தப் பகுதியில் எலும்புகளுக்கு இடையே உள்ள இடைவெளியை அளந்து சொல்லும் எண்ணை நான் பெரிதும் நம்புகிறேன். தசைநாரின் தடிமனையும் வெளுப்பையும் (அறிக்கையில் 'சிக்னல் கூடுதல்' எனப்படுவது) மட்டும் வைத்துச் சொல்லப்படும் முடிவை, வேறு சான்று துணைக்கு இல்லாவிட்டால் ஏற்பதில்லை.

மண்டையோட்டின் அடிப்பகுதிக்கும் அட்லஸ் என்னும் முதல் கழுத்தெலும்புக்கும் இடையிலோ, அட்லஸுக்கும் ஆக்சிஸ் என்னும் இரண்டாவது எலும்புக்கும் இடையிலோ டிஸ்க் கிடையாது. கழுத்தைப் பக்கவாட்டில் திருப்பும் அசைவில் ஏறக்குறையப் பாதி அட்லஸுக்கும் ஆக்சிஸுக்கும் நடுவில்தான் நிகழ்கிறது. இவ்வளவு அசையும் இடத்தைக் கட்டிக்காக்கும் பொறுப்பு பெரும்பாலும் தசைநார்களின் மேல்தான் விழுகிறது. ஆக்சிஸிலிருந்து மேல்நோக்கி எழும் டென்ஸ் முளையை அட்லஸின் முன்வளைவோடு சேர்த்துப் பிடித்திருப்பது குறுக்குத் தசைநார். அது அறுந்தால் அட்லஸ் முன்னே நழுவி, தண்டுவடத்துக்கான இடம் குறுகிவிடும். முளையின் இரு பக்கங்களிலிருந்தும் மண்டையோட்டை நோக்கிச் செல்லும் அலார் தசைநார்கள் குட்டையானவை. தலை அளவுக்கு மீறித் திரும்பாமல் தடுப்பது அவற்றின் வேலை.

குறுக்குத் தசைநாரின் நிலையை மறைமுகமாக அறிய உதவும் பழைய அளவு, முன்வளைவுக்கும் முளைக்கும் இடையிலான இடைவெளி. பக்கவாட்டு எக்ஸ்ரேயில் பெரியவர்களுக்கு அது 3 மி.மீ.க்குள்ளும் குழந்தைகளுக்கு 5 மி.மீ.க்குள்ளும் இருக்க வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு. அட்லஸ் உடையும்போது அதன் இரு பக்கத் திரள்களும் (பக்கவாட்டில் உள்ள தடித்த பகுதிகள்) ஆக்சிஸுக்கு வெளியே பிதுங்கும் அளவைக் கூட்டி, அது 6.9 மி.மீ.க்கு மேல் போனால் குறுக்குத் தசைநார் அறுந்திருக்கக்கூடும் என்று ஸ்பென்ஸ் குழுவினர் 1970-இல் சொன்னார்கள். பிற்பாடு எம்.ஆர்.ஐ. வந்து தசைநாரையே நேரடியாகப் பார்க்க முடிந்தபோது, இந்த எலும்புக் கணக்கை மட்டும் நம்பினால் சில அறுவுகள் தப்பிவிடும் என்பது தெரிந்தது. எலும்பு அளவு இயல்பாக இருந்தாலும் அடிபட்டவருக்கு எம்.ஆர்.ஐ. தேவைப்படுவது இதனால்தான். தசைநார் நடுவில் அறுந்திருக்கிறதா, அல்லது எலும்பில் ஒட்டியிருக்கும் இடத்தோடு பெயர்ந்திருக்கிறதா என்பதும் முக்கியம். முதல் வகை தானாக ஆறுவது அரிது, இரண்டாவது வகை கழுத்தை அசையாமல் கட்டிவைத்தால் பல வேளைகளில் கூடிவிடும்.

இனி உங்கள் அறிக்கையில் இருக்கும் 2.4 மி.மீ.க்கு வருகிறேன். எம்.ஆர்.ஐ. படம் வாக்சல் என்னும் சிறு கட்டங்களால் ஆனது. கட்டத்தின் பக்கம் 0.8 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், உங்கள் தசைநாரின் முழுத் தடிமனும் மூன்றே கட்டங்கள். விளிம்பில் உள்ள கட்டத்தில் தசைநாரும் அதை ஒட்டிய கொழுப்பும் கலந்திருப்பதால் அது கறுப்பாகவும் இல்லாமல் வெளுப்பாகவும் இல்லாமல் சாம்பல் நிறமாகத் தெரியும். அளக்கும் கோட்டின் முனையை அந்தச் சாம்பல் கட்டத்துக்கு உள்ளே வைப்பதா வெளியே வைப்பதா என்பது பார்ப்பவரின் கையில் இருக்கிறது, அந்த ஒரு கட்டத்திலேயே மூன்றில் ஒரு பங்கு வேறுபாடு வந்துவிடும். வெட்டும் கோணம் தசைநாருக்கு நேர்குறுக்காக இல்லாமல் 30 பாகை சாய்ந்திருந்தால், 2.4 மி.மீ. உள்ள தசைநார் ஏறக்குறைய 2.8 மி.மீ. என்று காட்டும். டிஸ்க்கைப் பார்ப்பதற்காக எடுக்கும் வழக்கமான கழுத்து எம்.ஆர்.ஐ.யில் வெட்டுகள் பெரும்பாலும் 3 மி.மீ. தடிமனில் இருக்கும், அவற்றில் அலார் தசைநாரை அளப்பது வீண்வேலை என்பதே என் கருத்து. அதற்கென்று தனியாக மெல்லிய வெட்டுகள் எடுக்க வேண்டும், தலை நேராக இருக்க வேண்டும், ஏனென்றால் தலை சற்றே திரும்பியிருந்தாலும் இரு பக்கத் தசைநார்களின் இழுவிசை ஒன்றாக இராது, தோற்றமும் மாறிப்போகும்.

சிக்னல் கூடுதல் என்பதில் இன்னும் கவனம் தேவை. நார்வேயின் பெர்கன் நகர ஆய்வாளர்கள் 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில், புரோட்டான் அடர்த்திப் படங்கள் என்னும் ஒரு வகை எம்.ஆர்.ஐ. படங்களில் அலார் தசைநாரின் வெளுப்பை 0 முதல் 3 வரை தரப்படுத்தி, அதை விபத்துக் காயத்தோடு தொடர்புபடுத்தினார்கள். ஆனால் கழுத்தில் அடியே படாதவர்களை ஒப்பிட்டுப் பார்த்த பிந்தைய ஆய்வுகளில் அவர்களிடமும் அதே வெளுப்பு தாராளமாகக் காணப்பட்டது. நார்களுக்கு இடையில் உள்ள கொழுப்பும் வெளுப்பாகத் தெரியும். காந்தப்புலத்துக்கு ஏறக்குறைய 55 பாகைச் சாய்வில் ஓடும் நார்கள், எக்கோ நேரம் (சிக்னலைப் பதிவுசெய்யும் வரை காத்திருக்கும் நேரம்) குறைவான படங்களில் காயமே இல்லாமலும் வெளுக்கும். அலார் தசைநாரின் சாய்வோ ஆளுக்கு ஆள் மாறுபடுவது.

பக்க மூட்டுகளின் உள்ளே, குருத்தெலும்புப் பரப்புகள் சேராத இடைவெளிகளை நிரப்பும் மெனிஸ்காய்டு மடிப்புகளையும் இப்போது எம்.ஆர்.ஐ.யில் அளக்கிறார்கள். ஆராய்ச்சிக்கு அது மதிப்புள்ள வேலை; ஒருவருடைய வலிக்கு இன்ன மடிப்புதான் காரணம் என்று சொல்லும் அளவுக்கு அது இன்னும் வளரவில்லை.

ஆகவே வெட்டின் தடிமன் என்ன, தசைநாருக்கு நேராகத் தனிப்படம் எடுத்தார்களா, முன்வளைவுக்கும் முளைக்கும் இடைவெளி எவ்வளவு, நார் தொடர்ச்சியாக இருக்கிறதா, சுற்றிலும் நீர்க்கோர்ப்போ இரத்தக்கசிவோ உண்டா என்று அறிக்கை எழுதியவரிடம் கேளுங்கள். நார் அறாமல், இடைவெளி வரம்புக்குள், சுற்றிலும் வீக்கமில்லாமல் இருந்தால், இரண்டாவது மருத்துவர் சொன்னதையே நானும் சொல்வேன். முடக்குவாதமோ (ரூமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) டவுன் சின்ட்ரோமோ இருந்தால் இந்தத் தசைநார்கள் முன்பே தளர்ந்திருக்கக்கூடும் என்பதால் அதை மறக்காமல் சொல்லுங்கள். கைகால்களில் மரத்துப்போதலோ பலவீனமோ நடையில் தள்ளாட்டமோ தொடங்கினால், அறிக்கையில் எந்த எண் இருந்தாலும் தாமதிக்காமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.