‘சீமாபத்தா’: படம் முடிந்ததும் என்ன பேசுவது?

கேள்வி: சத்யஜித் ரேயின் ‘சீமாபத்தா’வை (1971) எங்கள் வாசகர் வட்டத்தில் திரையிடப் போகிறோம். போன தடவை வேறொரு படத்துக்கு, ‘ஹீரோ நல்லவனா கெட்டவனா’ என்று பத்து நிமிடம் கத்திவிட்டுக் கலைந்துவிட்டார்கள். இந்தத் தடவை பேச்சை எப்படி நடத்துவது?

பதில்: அந்தக் கேள்வியை எடுக்கவே எடுக்காதீர்கள். நாயகன் ஷ்யாமளேந்து தன் கையால் யாரையும் அடிப்பதில்லை, காசு திருடுவதுமில்லை. பேச்சு அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும்.

படம் போடுமுன் ஒப்பந்தங்களில் வரும் ‘ஃபோர்ஸ் மஜூர்’ ஷரத்தை மட்டும் விளக்கிவிடுங்கள். வெள்ளம், போர், வேலைநிறுத்தம் மாதிரி கைமீறிய காரணத்தால் சரக்கு தாமதமானால் அபராதம் கிடையாது. இது தெரியாதவருக்குப் படத்தின் பிற்பாதி வெறும் ஆலைத் தகராறுதான். ஷ்யாமளேந்து கல்கத்தா ஃபேன் கம்பெனியில் விற்பனை மேலாளர். கப்பலேற வேண்டிய ஃபேன்களில் கடைசி நேரத்தில் குறை தெரிகிறது. அபராதம் ஒருபக்கம், டைரக்டர் நாற்காலியும் போட்டியாளனுக்குப் போய்விடும். தொழிலாளர் அதிகாரியோடு கூடிப் பேசி ஆலையில் கலாட்டாவைக் கிளப்பிவிடுகிறான், கதவடைப்பு வருகிறது. காவலாளி ஒருவர் படுகாயமடைகிறார். இவனுக்குப் பதவி உயர்வு.

‘குறை தெரிந்த அன்று அவனுக்கு என்னென்ன வழி இருந்தது?’ என்று ஆரம்பியுங்கள். வாங்குபவரிடம் அவகாசம் கேட்பது, அபராதம் கட்டுவது, சரிசெய்தவரை அனுப்புவது என்று பலகையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே கம்பெனிக்கு என்ன நஷ்டம், அவனுக்கு என்ன நஷ்டம் என்று இரண்டு பத்தி போடுங்கள். கம்பெனி எதையும் தாங்கிக்கொள்ளும், அவன் பதவிதான் தாங்காது என்பது தானாக வெளியே வரும். வட்டத்தில் வக்கீல் இருந்தால், தானே வரவழைத்த தடங்கலைக் காட்டித் தப்ப முடியுமா என்று கேளுங்கள். 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 56வது பிரிவு அதற்கு இடம் தராது. தொழிலாளர் அதிகாரியையும் விட்டுவிடாதீர்கள். அவர் ஏன் ஒத்துக்கொண்டார் என்பது ஷ்யாமளேந்துவைவிடச் சுவாரஸ்யமான கேள்வி.

பேச்சு தடம் மாறுவது பெரும்பாலும் டுட்டுல் விஷயத்தில். பாட்னாவிலிருந்து வந்திருக்கும் மனைவியின் தங்கை என்றதும் சிலர் காதல் கதை தேடுவார்கள். கொஞ்சம் ஈர்ப்பு இருக்கிறது, மறுக்க வேண்டாம். ஆனால் அவன் கொடுத்த கைக்கடிகாரத்தைக் கடைசியில் ஏன் கழற்றித் திருப்பித் தருகிறாள் என்று கேட்டால் பேச்சு சரியான பாதைக்கு வந்துவிடும். அதற்கு முன், லிஃப்ட் பழுதாகி அவன் படியேறும் காட்சி நீளமானது. ‘முடிந்தது’ என்று யாரும் விளக்கைப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படம் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இடைவேளை விடாமல், பேச முக்கால் மணி ஒதுக்குங்கள். அடுத்த மாதத்துக்கு ‘ஜன ஆரண்யா’ வைக்கலாம். அதுவும் இதே நாவலாசிரியர் சங்கரின் கதைதான், இன்னும் கசப்பு.