வீட்டுக்காரர் யூனிட்டுக்கு 10 ரூபா வாங்குறார், சட்டத்துல இதுக்கு இடம் இருக்கா?

மதுரையில மாடி போர்ஷன்ல வாடகைக்கு இருக்குற சகோதரி கேட்டிருக்காங்க. கீழ வீட்டுக்காரர் குடியிருக்கார், ரெண்டு வீட்டுக்கும் ஒரே ஈபி கனெக்‌ஷன், மாடிக்கு மட்டும் சப் மீட்டர், யூனிட்டுக்கு 10 ரூபா. போன தடவை 360 யூனிட்டுக்கு 3,600 குடுத்திருக்காங்க. ஏன்னு கேட்டதுக்கு "ஈபில அப்படித்தான் வருது, புடிக்கலேன்னா ஃபியூஸை புடுங்கிருவேன்"னாராம்.

சகோதரி, மொதல்ல கணக்கு, சட்டம் அப்புறம். அவரும் 360 ஓட்டுறார்னு வெச்சுக்குவோம், மொத்தம் 720. 500 யூனிட்டைத் தாண்டுனதும் 101லேந்து 200 வரைக்கும் இருக்குற பாதி விலை சலுகை போயிரும், 500க்கு மேல 8.40, 600க்கு மேல 9.45, இது 2024 ஜூலை ரேட். ஆக மொத்த பில்லு 4,014. அதுல நீங்க குடுத்தது 3,600, அவர் கைக்காசு வெறும் 414! சரி, அவர் நியாயமா பாதிப் பாதி பிரிச்சாலும் உங்களுக்கு 2,007 வரும். இதே 360 யூனிட்டை உங்க சொந்த கனெக்‌ஷன்ல ஓட்டுனா 987 தான். அதனால 10 ரூபாய்க்கு மல்லுக்கட்டுறதை விட தனி கனெக்‌ஷன் கேக்குறதுதான் புத்திசாலித்தனம்.

வீட்டுக்காரர் சம்மதிக்க மாட்டார், சம்மதிச்சா இப்ப 414 மட்டும் குடுக்குறவர் 987 குடுக்க வேண்டியிருக்குமே. ஆனா மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 43 ஓனர் மட்டும் இல்ல, குடியிருக்குறவங்களும் கனெக்‌ஷன் கேக்கலாம்னு சொல்லுது. 2022ல திலீப் எதிர் சதீஷ் வழக்குல சுப்ரீம் கோர்ட்டும் ஓனர் என்ஓசி (ஆட்சேபணை இல்லேங்கிற கடிதம்) குடுக்கலேங்கிறதுக்காக வாடகைதாரருக்கு கரண்ட் மறுக்கக்கூடாது, அவர் அங்க குடியிருக்காரான்னு பாத்தா போதும்னு சொல்லிருச்சு. வயரிங் மட்டும் தனியா பிரிச்சிருக்கணும், அந்த செலவு யாருதுன்னு பேசித்தான் ஆகணும்.

லைசன்ஸ் இல்லாம கரண்ட் விக்கிறது அதே மின்சாரச் சட்டத்தோட பிரிவு 12க்கு விரோதம்னு வாதாடலாம்தான், ஆனா அக்ரிமெண்ட்ல 10 ரூபான்னு நீங்களே கையெழுத்து போட்டிருந்தா எதிர்தரப்பு வக்கீல் அதைத்தான் மொதல்ல நீட்டுவார், நானா இருந்தாலும் அதைத்தான் பண்ணுவேன்.

ஃபியூஸ் மிரட்டலுக்கு பயப்படாதீங்க. 2019லேந்து நடைமுறையில இருக்குற தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி கரண்ட், தண்ணிய நிறுத்த வீட்டுக்காரருக்கு உரிமை கிடையாது. அக்ரிமெண்ட் எழுத்துல இருந்து வாடகை அதிகாரிகிட்ட பதிவும் ஆகியிருந்தா உங்க கை இன்னும் ஓங்கும். கோவத்துல காசு குடுக்குறதை மட்டும் நிறுத்திராதீங்க, பாக்கிக்காரின்னு உங்க மேலயே திருப்பிருவாங்க. ஜிபேல "கரண்ட்"னு தனியா போட்டு அனுப்புங்க, ரீடிங் எடுக்குற அன்னிக்கு சப் மீட்டரை போட்டோ எடுங்க, மெயின் மீட்டரோட சர்வீஸ் நம்பரை வாங்கி ஈபி பில்லை ஆன்லைன்ல நீங்களே பாருங்க.

அக்ரிமெண்ட்ல கரண்ட் பத்தி எழுதியிருக்குற பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்புங்க, நோட்டீஸ் விடணுமான்னு அதைப் பாத்துட்டு சொல்றேன்.